நிற்கத் தெரிந்த ரோபோக்கள்

ரோபோ என்றதும் நம் தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுஜாதாவின் ஜீனோதான். சிட்டி வந்ததெல்லாம் 2010-ல், ரொம்பப் பின்னால். ஜீனோவைப் படைத்தவர் பகல் நேரத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலை இருக்கும் அதே ஜாலஹள்ளி வட்டாரத்தில்தான் எச்.எம்.டி. லேத் மெஷின்கள் செய்துகொண்டிருந்தது.

கதையில் வந்த ஜீனோ பேசும், வாதாடும், எஜமானியிடம் பாசமாக இருக்கும். தொழிற்சாலைக்கு நிஜமாக வந்த ரோபோவுக்கோ கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. சொல்லிக்கொடுத்த பாதையில் கையை வீசும். அந்தப் பாதையில் இரும்புத் தகடு இருக்கிறதா, ஆள் தலை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதனால் அதைக் கூண்டுக்குள் அடைத்தார்கள். கார் கம்பெனி வெல்டிங் ஷாப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிருகக்காட்சிசாலை மாதிரியே இருக்கும் :-)

கடந்த பதினைந்து வருடங்களாக அந்தக் கூண்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூர், ஓசூர், புனே என்று பல இடங்களில் ஆளும் ரோபோவும் ஒரே மேஜையில் நின்று வேலை செய்கிறார்கள். ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரப் பையன்கள் கேட்பதும் இதைத்தான்: "கூண்டு இல்லாம பக்கத்துலயே நிக்குதே மாமா, அடிச்சிடாதா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

வேலியின் கதை

மெஷினுக்கு வேலி போட வேண்டும் என்பது ரோபோவுக்கு ரொம்ப முந்திய சட்டம். இங்கிலாந்தில் 1844-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே ஆலைகளில் சுழலும் பாகங்களை மறைக்கச் சொன்னது. ஓடும் பெல்ட்டில் துணியும் தலைமுடியும் சிக்கிச் செத்தவர்கள் அவ்வளவு பேர். நம் நாட்டில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. குழந்தைகளின் வேலை நேரத்தோடு, ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலி வேண்டும் என்பதும் அதில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ம் வருடச் சட்டத்தில் 21-வது பிரிவு இதையே விரிவாகச் சொன்னது.

அடுத்த ஐந்து வருடத்தில், 1953-ல், சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. தொடங்கியது. லேத், மில்லிங் மெஷின் போன்றவற்றைத் தாய் இயந்திரங்கள் என்பார்கள். மற்ற மெஷின்களைப் பெற்றுத் தருபவை. 1962-ல் செக்கோஸ்லோவாகியா உதவியோடு தும்கூர் ரோட்டில் இயந்திரக் கருவிகளுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. இன்று சி.எம்.டி.ஐ. என்று அழைக்கப்படுவது அதுதான். சாஃப்ட்வேருக்கு முன்னால் பெங்களூர் என்றால் சாவித்துளை வைத்த லேபிலும் எண்ணெய்க் கறை படிந்த கைகளும்தான். அந்தத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போன தமிழர்கள் எத்தனை பேர் என்று நம் வீடுகளில் கேட்டாலே தெரியும்.

என் அப்பாவும் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்தார். (கம்பெனி பெயர் வேண்டாமே.) வீட்டுக்கு வரும் அவருடைய நண்பர்களில் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். பவர் பிரஸ்ஸில் போனது. அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் விரல் இருக்க முடியாது என்பது ஏற்பாடு. ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு ஏறியதும், ஒரு பட்டனில் மரக்குச்சியைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டினார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். விரல் போன அன்றைக்குக் குச்சியை எடுத்துவிட்டார்களாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலி போட்டால் போதும் என்று நினைத்த எல்லா இடத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. ரோபோவிலும்.

கூண்டுக்குள் போனவர்கள்

முதல் தொழிற்சாலை ரோபோ யூனிமேட். ஜார்ஜ் டெவால் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஜோசப் எங்கல்பர்கர் அதைத் தொழிலாக்கினார். 1961-ல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், அச்சிலிருந்து வரும் கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து வைக்கும் வேலைக்கு அமர்த்தினார்கள். கிட்டத்தட்ட 1,800 கிலோ எடை. மனிதர்கள் கையைச் சுட்டுக்கொண்டு செய்த வேலை அது, அதனால் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

நான் இருக்கும் மிச்சிகனில் டெட்ராய்ட்டிலிருந்து காரில் அரை மணி, முக்கால் மணி போனால் ஃபிளாட் ராக் என்று ஒரு ஊர். அங்கே ஃபோர்டின் வார்ப்பட ஆலையில் 1979 ஜனவரி 25 அன்று 25 வயதுத் தொழிலாளி ஒருவர், அடுக்கில் இருந்த பாகங்களை எடுக்க மேலே ஏறினார். அதை எடுத்துத் தர வேண்டியது ரோபோ. அது சரியாக வேலை செய்யாததால் அவரையே ஏறி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ரோபோவை யாரும் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து அதன் கை தலையில் அடித்தது. அவர் இறந்து கிடந்த அரை மணி நேரமும் ரோபோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரோபோவால் நேர்ந்த மரணம் என்று பதிவானவற்றில் இதுதான் முதலாவது. 1983-ல் அந்தக் குடும்பத்துக்கு 1 கோடி டாலர் தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது.

இரண்டாவது சம்பவம் ஜப்பானில். 1981 ஜூலையில் அகாஷி நகரில் உள்ள கவாசாகி ஆலை. அங்கே வேலி இருந்தது. வேலிக் கதவைத் திறந்தால் ரோபோ தானாக நின்றுவிடும். பழுது பார்க்கப் போன ஊழியர் கதவைத் திறக்காமல் வேலியைத் தாண்டிக் குதித்ததாகச் சொல்கிறார்கள். ரோபோ அவரைப் பக்கத்து மெஷினோடு வைத்து நசுக்கிவிட்டது.

இதற்குப் பிறகு ஜப்பான் 1983-ல் விதிகளை இறுக்கியது. 80 வாட்டுக்கு மேல் மோட்டார் உள்ள ரோபோ என்றால் கட்டாயம் வேலி. 80 வாட் என்றால் வீட்டுச் சீலிங் ஃபேன் அளவுதான். ஆக, உருப்படியான எந்த ரோபோவும் கூண்டுக்குள். முப்பது வருடம் அந்த விதி இருந்தது. 2013 டிசம்பரில்தான், அபாயங்களை முறையாக மதிப்பிட்டுக் காட்டினால் வேலி இல்லாமல் வைக்கலாம் என்று தளர்த்தினார்கள்.

இரண்டு சாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வேலி வேலையைக் காக்கவில்லை, மற்றதில் வேலி ஆளைக் காக்கவில்லை. இரண்டிலும் ஆள் உள்ளே போன காரணம் ஒன்றே: வேலை தடைப்பட்டது, அதை ஓட வைக்க வேண்டியிருந்தது.

தறி சொல்லிக்கொடுத்தது

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர் தறி செய்து வந்தார். நூல் அறுந்தாலும் தறி ஓடிக்கொண்டே இருந்தால் துணி பாழ். அதனால் நூல் அறுந்தால் தானாக நிற்கும் தறியைச் செய்தார். 1924-ல் வந்த அவருடைய ஜி மாடல் தறி உலகப் புகழ் பெற்றது. அந்தக் குடும்பம்தான் பிறகு டொயோட்டா கார் கம்பெனியை ஆரம்பித்தது. கோளாறு தெரிந்த உடனே மெஷின் தானே நிற்க வேண்டும், தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்பது அவர்களுடைய உற்பத்தி முறையின் அஸ்திவாரம்.

பெங்களூருக்கும் டொயோட்டா குழுமம் முதலில் காரோடு வரவில்லை. 1995-ல் ஜிகணியில் கிர்லோஸ்கரோடு சேர்ந்து நூற்பு இயந்திரம் செய்யும் கம்பெனிதான் முதலில். பிடதி கார் ஆலையில் 1999 கடைசியில் உற்பத்தி தொடங்கியது.

டொயோடாவின் கவலை துணியைப் பற்றியது, நெசவாளியின் விரலைப் பற்றியது அல்ல. ஆனாலும் ரோபோப் பொறியாளர்கள் பின்னாளில் வந்து சேர்ந்த இடம் அதுதான். எவ்வளவு பலமாக, எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதோடு, எப்போது நிற்க வேண்டும் என்று மெஷினுக்குத் தெரிகிறதா என்றும் கேட்க ஆரம்பித்தார்கள்.

கோபாட் வந்த கதை

1990-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு பிரச்சினை. கார்க் கதவு, டாஷ்போர்டு போன்ற கனமான பாகங்களைத் தூக்கிப் பொருத்திப் பொருத்தித் தொழிலாளர்களுக்கு முதுகும் தோளும் போய்க்கொண்டிருந்தன. அங்கே பிரசாத் அகெல்லா என்ற இந்தியர் தலைமையில் ஒரு குழு, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் இருவரோடும் சேர்ந்து இதற்கு வழி தேடியது. 1996-ல் 'கோபாட்' என்ற பெயர் வந்தது. கூட வேலை செய்யும் ரோபோ.

அந்த முதல் கோபாட்களில் ஒரு விசேஷம்: பொருளை நகர்த்தும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. தள்ளுவது மனிதர், கோபாட் திசையை மட்டும் பிடித்துக்கொடுக்கும். ரயிலுக்குத் தண்டவாளம் மாதிரி. தானாக நகராத மெஷின் யாரையும் அடிக்க முடியாதல்லவா?

டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் 2005-ல் மூன்று பேர் தொடங்கிய யூனிவர்சல் ரோபாட்ஸ் வேறு வழியில் போனது. சக்தி இருக்கட்டும், ஆனால் அளவோடு இருக்கட்டும். ஒவ்வொரு மூட்டிலும் உள்ள மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்க வேண்டும் என்பது கணக்காகத் தெரியும். எதன் மீதாவது இடித்தால் மோட்டார் திணறும், கூடுதல் மின்சாரம் இழுக்கும். கணக்குக்கு மேல் போன கணமே கை நின்றுவிடும். 2008-ல் முதல் ரோபோ டென்மார்க்கிலேயே ஒரு கம்பெனிக்கு விற்றது. இந்தியாவில் பஜாஜ் ஆட்டோ 2010-லேயே இவற்றை வாங்கத் தொடங்கி, புனே பக்கம் சாகன் ஆலையில் மோட்டார் சைக்கிள் அசெம்பிளியில் தொழிலாளர்களுக்கு நடுவே நிறுத்தியது. அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ. ஸ்பார்டன்பர்க் ஆலையில் கார்க் கதவு வேலைக்கு இவை வந்ததே 2013-ல்தான். நாம் பின்தங்கியிருந்தோம் என்று இந்த விஷயத்தில் சொல்ல முடியாது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மதுரையில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 1992-ல் தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டு லென்ஸ் வாங்க முடியாத ஏழைகளுக்கும் கண்புரை அறுவை செய்ய வேண்டும் என்று உள்ளூரிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. அங்கே லென்ஸ் தயாரிப்பில் இந்தக் கோபாட்கள் வேலை செய்கின்றன. பக்கத்தில் நம் ஊர்ப் பெண்கள். பாட்டி கண்ணில் இருக்கும் லென்ஸ் ஒரு ரோபோவின் கையைத் தொட்டு வந்ததாகக்கூட இருக்கலாம்.

யூனிவர்சல் ரோபாட்ஸ் தன் இந்திய அலுவலகத்தைத் திறந்ததும் பெங்களூரில்தான். ஜப்பானின் ஃபானக் 1992-லிருந்தே அங்கே இருக்கிறது. அதே பிரசாத் அகெல்லா பிற்பாடு தொடங்கிய திருஷ்டி என்ற கம்பெனியும் கலிஃபோர்னியாவிலும் பெங்களூரிலுமாக இயங்கியது. அது ரோபோ செய்யவில்லை. அசெம்பிளியில் மனிதர்கள் கையால் செய்யும் வேலையைக் கேமராவில் பார்த்து ஆராயும் மென்பொருள். மனிதரின் முதுகைக் காக்க ரோபோ செய்தவர், பிறகு மனிதரின் கையை அளக்க வந்தார். நல்லதா கெட்டதா என்பது அந்த அளவை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வலியை அளந்தவர்கள்

மோதினால் நிற்கும், சரி. நிற்பதற்குள் எவ்வளவு அழுத்தினால் பரவாயில்லை?

இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 தன்னார்வலர்களை உட்கார வைத்து, உடம்பின் 29 இடங்களில் மெதுவாக அழுத்தி, எந்த இடத்தில் எப்போது வலி தொடங்குகிறது என்று பதிந்தார்கள். அந்த எண்கள் 2016-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 15066 ஆவணத்தில் அட்டவணையாக இருக்கின்றன. கையும் விரலும் சிக்கி அழுந்தினால் 140 நியூட்டன் வரை. அதாவது ஏறக்குறைய 14 கிலோ எடையின் அழுத்தம். முகத்துக்கு 65 தான். வயிற்றுக்கு 110.

ஆள் பக்கத்தில் வரும்போது ரோபோ என்ன செய்யலாம் என்பதற்கு நான்கு வழிகளை அந்த ஆவணம் சொல்கிறது:

1. ஆள் எல்லைக்குள் வந்ததும் ரோபோ நிற்பது, வெளியே போனதும் தொடர்வது.
2. ஆள் கையால் பிடித்து நடத்தும்போது மட்டும் நகர்வது.
3. ஆள் நெருங்க நெருங்க வேகத்தைக் குறைப்பது. (மனிதர் விநாடிக்கு 1.6 மீட்டர் நடப்பார் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.)
4. மோதினாலும் வலிக்காத அளவுக்கு விசையையும் வேகத்தையும் கட்டிப்போடுவது.

நான்காவதுதான் நாம் கோபாட் என்று சொல்வது. இதற்கு ஒரு விலை இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே பாதுகாப்பான ரோபோ மெதுவான ரோபோ. பாஸ்டனில் ரீதிங்க் ரோபாட்டிக்ஸ் 2012-ல் பாக்ஸ்டர் என்று ஒரு ரோபோவைக் கொண்டுவந்தது. திரையில் முகம், கண்ணைச் சிமிட்டும், மூட்டில் ஸ்பிரிங் வைத்ததால் இடித்தால் மெத்தென்று இருக்கும். எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் மெத்தென்ற கையால் துல்லியமாக வைக்க முடியவில்லை. 2018 அக்டோபரில் கம்பெனியையே மூடிவிட்டார்கள்.

இன்னொன்று: கை பாதுகாப்பானது என்றால் கையில் இருப்பது? கோபாட் ஊசியைப் பிடித்திருந்தால், கூரான தகட்டைத் தூக்கினால், 140 நியூட்டன் கணக்கு உதவாது. அட்டையில் விரல் அறுபடுவதற்கு எவ்வளவு விசை வேண்டும்? 2025-ல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 10218 விதிகள் இதனால்தான் ரோபோவுக்குத் தரும் 'கூட்டு வேலைக்கு ஏற்றது' என்ற பட்டத்தையே விட்டுவிட்டன. எந்த இடத்தில், எந்தப் பொருளோடு, எந்த வேலைக்கு என்று முழு ஏற்பாட்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கின்றன.

ஊர்ப் பையன்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். ரோபோவின் பெயரைப் பார்த்து நம்பாதே. அது என்ன வேகத்தில் ஓட செட் பண்ணியிருக்கிறது, கையில் என்ன இருக்கிறது, உன் தலை எந்த உயரத்தில் இருக்கிறது, இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களா என்று கேள்.

நம் ஊர் விரல்கள்

2015 ஆகஸ்டில் ஹரியானாவின் மானேசரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், 24 வயதுத் தொழிலாளி வெல்டிங் ரோபோவிடம் சிக்கி இறந்தார். விலகியிருந்த தகட்டைச் சரிசெய்ய அவர் பக்கத்தில் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. இந்தியாவில் ரோபோவால் நேர்ந்த முதல் மரணம் என்று பெரிய செய்தியானது. ஃபிளாட் ராக் நடந்து 36 வருடம் ஆகியும் காரணம் மாறவில்லை: தடைப்பட்ட வேலையை ஓட வைக்கக் கை நீண்டது.

ஆனால் அதே மானேசரில், அதே வருடம் தொடங்கிய சேஃப் இன் இந்தியா என்ற தொண்டு அமைப்பு வருடாவருடம் வெளியிடும் அறிக்கைகளைப் படித்தால், பயப்பட வேண்டியது ரோபோவைப் பார்த்து மட்டும் இல்லை என்பது புரியும். வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழந்து அவர்களிடம் உதவிக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் பவர் பிரஸ்ஸில். சென்சார் வைக்காத, வைத்தும் கழற்றிவிட்ட பிரஸ். என் அப்பாவின் நண்பருடைய மரக்குச்சி இன்னும் போகவில்லை.

2023-ல் இந்தியாவில் புதிதாக வைத்த தொழிற்சாலை ரோபோக்கள் 8,510 என்று சர்வதேச ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. உலகம் முழுக்க அந்த வருடம் 5 லட்சத்துக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்குதான் கோபாட். அதாவது பீன்யாவிலோ ஓசூரிலோ இருக்கும் சாதாரணப் பட்டறைத் தொழிலாளியின் பக்கத்தில் இன்றைக்கு நிற்பது நிற்கத் தெரிந்த ரோபோ இல்லை, நிற்கத் தெரியாத பிரஸ்தான். டைக்குள் தகடு வைக்கும் வேலையை ரோபோ செய்தால் விரல் தப்பும். அதே ரோபோவால் அந்த விரலுக்குரியவரின் வேலை போகுமா என்பதும் நியாயமான பயம். விரலா வேலையா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அநியாயம். பிரஸ்ஸுக்கு முன்னால் ஒளித்திரை சென்சார் வைப்பது ரோபோ வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

சட்டமும் மாறியிருக்கிறது. 1948-ம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் 'தொழிற்சாலை' என்றிருந்த வரையறை இப்போது 20 பேர். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள்தான் நம் ஊரில் அதிகம் என்பதை நினைத்தால் இது சின்ன மாற்றம் இல்லை.

ரோபோவுக்கு நிற்கக் கற்றுக்கொடுக்க ஐம்பது வருடம் ஆயிற்று. மூட்டுக்கு மூட்டு கணக்கு, 29 இடத்தில் வலி அளவு எல்லாம் வந்துவிட்டது. லைனை நிறுத்தினால் சம்பளம் பிடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள் என்ற உறுதி தொழிலாளிக்கு இல்லாத இடத்தில் இதெல்லாம் பாதி வேலைதான். டொயோடாவின் முறையில் மெஷினும் நிற்கும், ஆளும் நிறுத்தலாம். நாம் வாங்கி வருவது பெரும்பாலும் முதல் பாதியை மட்டும்.

இதைப் படிக்கும் பலர் இங்கே ஆட்டோமேஷன் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ லைன் டிசைன் பண்ணி அனுப்புகிறவர்களும் இருக்கிறீர்கள். அடுத்த முறை செலவைக் குறைக்க ஸ்கேனரையோ ஒளித்திரையையோ பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னால், இங்கே இருக்கும் ஆலைக்கு அதை அடிப்போமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

எச்.எம்.டி., பி.இ.எல்., ஐ.டி.ஐ., மைக்கோ, லேலண்ட் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது வேலை பார்த்திருந்தால், அவர்கள் காலத்து மெஷின்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இதெல்லாம் எழுதி வைக்காவிட்டால் போய்விடும். எச்.எம்.டி. வாட்ச் ஃபேக்டரி பற்றி எனக்கும் கொஞ்சம் எழுத இருக்கிறது. இன்னொரு நாள் பார்க்கலாம்.